சுவிட்சர்லாந்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை

சந்திரம்மா சுவிட்சர்லாந்து வரைபடத்தைத் தரையில் விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கு ஓர் உருளைக்கிழங்கு வைத்திருந்தார். எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தில் பயணிகளுக்கு இலவசமாகத் தருகிற படம். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

"இதுல நீ எங்க சமைப்ப?" என்று புருஷனைக் கேட்டார்.

பச்சைமுத்து குனிந்து பார்த்தார். ஓர் ஏரியின் மேல் விரலை வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த வேறோர் ஏரிக்கு விரலை மாற்றினார்.

"இங்கதான் எங்கயோ."

"எங்கயோவா? ஏழு வருஷமா போய் வர."

"ஓட்டலுக்குக் கீழ கிச்சன்மே. ஏர்போர்ட்ல வேன்ல ஏத்துவான், கிச்சன்ல எறக்குவான். சீசன் முடிஞ்சா கிச்சன்ல ஏத்தி ஏர்போர்ட்ல எறக்குவான். நடுவுல மேப்பு எதுக்கு?"

"மலை?"

"ஜன்னல்ல தெரியும். பாதி."

"மீதிப் பாதி?"

"அதப் பாக்கத்தான உன்ன இட்டுகினு போறேன்."

சந்திரம்மா என்னைப் பார்த்தார். "கேட்டியா தம்பி. வழி காட்டறவரு லட்சணம் இது."

அது 2003ஆம் வருஷம், பிப்ரவரி. ஆஸ்டின் டவுனில் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஓர் அறை, சிமெண்ட் ஷீட் கூரை. அதற்குமுன் காக்ஸ் டவுனில் இருந்தேன். என் மனைவி கிருத்திகா மஞ்சள் காமாலையில் இறந்தபிறகு அந்த வீடு ஒருவனுக்குப் பெரிதாக இருந்தது. காலி செய்தேன். வேலை மட்டும் பழையதுதான். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும், கொஞ்சம் காசு சேர்ந்த குடும்பங்களுக்கும் ஐரோப்பியச் சுற்றுலா திட்டமிட்டுத் தருவேன். எந்த ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பனி நன்றாகத் தெரியும் என்று சொல்வேன். நான் போனதில்லை.

பச்சைமுத்து கல்யாணச் சமையல்காரர். எங்கள் கம்பெனி கோடையில் சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப்போகும் கூட்டங்களுக்கு நம் ஊர்ச் சாப்பாடு போட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே ஜனங்கள் முகம் வாடிவிடுவார்கள். அதற்காகக் கம்பெனி ஏப்ரலில் அவரை அனுப்பும். ஜெயின் மேசைக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல், ஆந்திரா மேசைக்குக் காரமாக, வயதானவர்களுக்குக் குழைந்த தயிர்சாதம். மலைமேல் போகிற பஸ்ஸுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிப்பார். ஜூன் முடிவில் திரும்பி வருவார். பிறகு ஆவணி முகூர்த்தங்கள் வந்துவிடும்.

அந்த மாதங்களில் சந்திரம்மா தனியாக இருப்பார். பிள்ளை இல்லை. போன கோடையில் எனக்கும் சேர்த்துச் சோறு வைத்தார். "ஒருத்திக்கு ஆக்கினா அடி புடிக்குது தம்பி" என்றார். நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். பெரும்பாலும் பேசமாட்டேன். அவரும் வற்புறுத்தமாட்டார்.

இந்த வருஷம் பச்சைமுத்து எங்கள் முதலாளி வெங்கடகிருஷ்ணனிடம் போய் நின்றார். "ஒரே ஒரு ட்ரிப்பு சார். பாசஞ்சரா. அவளும் நானும். எவனோ சமைச்சதத் தின்னுட்டு பஸ்ல உக்காரணும்." முதலாளி சிரித்தார். ஜூன் கூட்டத்தில் சலுகையில் இரண்டு இடம் தருவதாகச் சொன்னார். ஒரு சீசனுக்குப் புது ஆள் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வருஷம் கரண்டியைத் திரும்பவும் பிடிக்க வேண்டும் என்றார்.

இருபத்தைந்து வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போகும் முதல் பயணம் அது. மைசூருக்குக்கூடப் போனதில்லை. நல்ல நாள் என்றால் யார் வீட்டிலாவது கல்யாணம் இருக்கும்.

விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். ரேஷன் கார்டு போதாது. சான்றிதழுக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணப் பத்திரிகை கேட்பார்கள். இதைச் சொன்னபோது சந்திரம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"பத்திரிகைக்கு நான் எங்க போவேன்? கல்யாணத்துக்கே நேரமில்ல."

"போட்டோ?"

"அதுவும் இல்ல."

பிறகு அவரே சொன்னார். அப்போது அவர் வள்ளியம்மா என்கிற அம்மாளின் கோஷ்டியில் கல்யாண வீடுகளுக்கு மாவரைக்கவும் தேங்காய் துருவவும் போய்க்கொண்டிருந்தார். பச்சைமுத்து அதே அடுப்படியில் சாம்பார் பார்ப்பவர். இரண்டு பேருக்கும் தாய் தகப்பன் இல்லை. கட்டிக்கொள்வது என்று முடிவானபின் நாள் பார்த்தால், நல்ல நாள் எதுவும் காலியாக இல்லை. சித்திரை, வைகாசி, ஆனி எல்லா முகூர்த்தமும் ஊரார் பிடித்துவைத்திருந்தார்கள். முகூர்த்த நாளில் சமையல்காரன் அடுப்பை விட்டு நகர முடியுமா?

"அடுப்பு அணையறது ஆடி மாசம்தான்" என்றார் சந்திரம்மா. "எங்க ஜனத்துக்கு அதான் லீவு. ஆடி முதல் ஞாயித்துக் கெழம, அல்சூர் அம்மன் கோயில்ல வச்சி கட்டிக்கினோம். அன்னிக்குக் கோயில்ல கூழு ஊத்தறாங்க. அதான் எங்க கல்யாண சாப்பாடு. ஊரே சொம்பு எடுத்துகினு வந்து குடிச்சிட்டுப் போச்சி. யாருக்கும் கல்யாணம்னே தெரியாது."

"நான் ரெண்டு சொம்பு குடிச்சேன்" என்றார் பச்சைமுத்து.

"மாப்பிள்ள இல்ல? குடிச்சிதான் ஆவணும்."

பழைய கல்யாணங்களுக்கு இப்போது பத்திரிகை அடித்துக் கொண்டுபோவது வழக்கம்தான் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் 1978ஆம் வருஷக் காலண்டரைப் பார்த்தேன். ஆடி முதல் ஞாயிறு ஜூலை 23. சிவாஜிநகரில் ஓர் அச்சகத்துக்கு மூன்று பேரும் போனோம். அழைப்பவர் பெயர் என்ன போடுவது என்று அச்சகத்துக்காரர் கேட்டார். இருவருமே யோசித்தார்கள்.

"வள்ளியம்மான்னு போடுங்க" என்றார் சந்திரம்மா. "தாலிய வாங்கினு வந்தது அவங்கதான்."

"உறவு?"

"சமையல்."

அச்சகத்துக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'வள்ளியம்மா மற்றும் சுற்றத்தார்' என்று எழுதிக்கொண்டார். வள்ளியம்மா இறந்து பல வருஷமாகிறது. மஞ்சள் அட்டை, மேலே பிள்ளையார். சந்திரம்மா ஒரு பத்திரிகையைக் கையில் வாங்கி எழுத்தைத் தடவிப் பார்த்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுவைத்து, வீட்டில் சாமி படத்துக்கு அடியில் ஒன்றை வைத்துக்கொண்டார். அன்றைக்கு ராகிக் களி கிண்டினார். பச்சைமுத்து பாட்டுப் பாடிக்கொண்டே கீரை ஆய்ந்தார்.

பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் காகிதத்தை வாங்கியவர் கோவிந்தப்பா என்கிற குமாஸ்தா. மூக்கில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பத்திரிகையைப் படித்தார். மை வாசனைகூடப் போகாத காகிதம். அது அவருக்குப் பொருட்டே இல்லை. தேதியில் நின்றுவிட்டார்.

"ஏன் ஸ்வாமி, ஆஷாடதல்லி யாராதரூ மதுவே மாட்தாரா?"

ஆடியில் யாராவது கல்யாணம் செய்வார்களா என்கிறார். கன்னடக்காரர்களுக்கும் அது ஆகாத மாதம்தான். பச்சைமுத்து கன்னடத்திலேயே, செய்தோம் சார், நாங்கள் செய்தோம் என்றார். கோவிந்தப்பா பத்திரிகையை மேசைமேல் போட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"நோடப்பா, இங்க தெனமும் இப்படிக் கார்டு வருது. நானும் வேணாம்னு சொல்லல. ஆனா சுள்ளு கார்டு அடிக்கறதா இருந்தா பஞ்சாங்கமாவது பாத்து அடிக்கக் கூடாதா? சாகேபரு கையெழுத்துப் போடுவாரா இதுல? என்னத்தான் திட்டுவாரு."

"பொய் இல்ல சார், நெஜம்."

"நெஜம்னா சாட்சி? அன்னிக்கு இருந்தவங்க யாரு?"

"அல்சூரே இருந்திச்சி" என்றார் சந்திரம்மா.

பின்னால் வரிசையில் ஒருவர் சிரித்தார். கோவிந்தப்பா கோபப்படவில்லை. "ரெண்டு மாசம் முன்ன போட்டுக்கோம்மா. வைகாசி. நல்ல முகூர்த்தமா பாத்து அடிச்சினு வா. ஒரே நாள்ல முடிச்சித் தரேன்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே மரத்தடியில் பச்சைமுத்து பீடியைப் பற்றவைத்தார்.

"வைகாசின்னு போட்டா இன்னா இப்ப? கார்டுதானே."

"அந்த வைகாசில நான் உனக்கு யாரு?"

"நீதான். அப்பவும் நீதான்."

"நான் தேங்கா துருவிகினு இருந்தேன். நீ வந்து, பொடிசா துருவத் தெரியாதான்னு கத்தின. கல்யாணம் பண்ணல."

"சரி, கத்தினேன். அதுக்கு இப்ப சுவிட்சர்லாந்த உட்டுடலாமா?"

சந்திரம்மா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பஸ்ஸில் பெண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்துகொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அன்று சாயந்திரம் பேச்சு முற்றியது. என்னைக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரம், நான் தட்டின் முன் உட்கார்ந்திருந்தேன்.

"உங்க அண்ணி இருக்கறாளே, சொர்ணம்" என்றார் சந்திரம்மா. "இன்னிக்கு வரைக்கும் சொல்றா. ஆடில கட்டினா வயிறு எப்படித் தொறக்கும்னு. எந்தப் பொண்ணு வளைகாப்புக்குப் போனாலும் என்ன ஒரு ஓரமா குந்த வச்சிட்டுத்தான் வளையல் அடுக்குவாங்க. ஆமா, ஆடிதான், அதுக்கு இன்னா இப்பன்னு நின்னேன்யா. ஒரு நாளாவது மாத்திச் சொல்லியிருப்பேனா? மாத்திச் சொல்ல எத்தினி நேரமாவும்? இப்ப பனிக்கட்டியப் பாக்கறதுக்கு வைகாசின்னு எழுதிக் குடுக்கணுமா?"

"எழுதறது சர்க்காருக்கு. நமக்குத் தெரியாதா?"

"அன்னிக்குக் கூட இருந்தவங்கன்னு நம்ம ரெண்டு பேருதான் மிச்சம். வேற யாரு இருக்கறா?"

பச்சைமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சந்திரம்மா என் தட்டில் ரசம் ஊற்றினார்.

"உனக்கு எந்த மாசம் தம்பி?"

"தை."

"நாளு பாத்துத்தான வச்சாங்க?"

"மூணு ஜோசியர்கிட்ட பாத்தாங்க."

பச்சைமுத்து எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தேன்.

அதன்பிறகு ஒரு வாரம் அவர்கள் சுவிட்சர்லாந்து பற்றிப் பேசவில்லை. வரைபடம் மடித்து அலமாரிமேல் இருந்தது. மாசி முகூர்த்தங்கள். பச்சைமுத்து விடியற்காலையில் போய்ப் பொழுது சாய்ந்து வந்தார். கண் புகையில் சிவந்திருக்கும். ஒருநாள் வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்தார். சந்திரம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்.

"இன்னிக்கு சுந்தரமூர்த்தி சார் பொண்ணுக்கு ரிசப்ஷன்" என்றார் அவர். "பந்தி ஓடும்போது எட்டிப் பாத்தேன். புருஷன் பொண்டாட்டியா பக்கத்து பக்கத்துல குந்தித் துன்றாங்க. ஆயிரம் பேரு. நாம அப்படிக் குந்தினது இல்லமே. நீ பரிமாறுவ, நான் தின்பேன். இல்ல, நான் ஊருல இருக்க மாட்டேன். அந்தப் பஸ்ல நமக்குன்னு ரெண்டு சீட்டு போட்டிருக்கான். ஒருத்தன் வந்து நம்ம ரெண்டு பேருக்கும் பரிமாறுவான். அதுக்குத்தான் கேக்கறேன். மலைக்கு இல்ல."

குடித்துவிட்டு அவர் நீட்டிய சொம்பைச் சந்திரம்மா உடனே வாங்கவில்லை.

"போட்டுத் தொலை" என்றார்.

வைகாசியில் ஒரு முகூர்த்தம் பார்த்துப் புதிதாக அச்சடித்தோம். அதற்கு மஞ்சள் தொட்டுவைக்கவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும். எதிர்வீட்டுத் தையல்காரர் நாகேஷ் வந்தார். அலுவலக வாசலில் இருந்த புரோக்கர் ஒருவர் போட்டார். என் முறை வந்தபோது நான் பேனாவை வாங்கவில்லை. என் மாதிரி ஆள் கல்யாணக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை. அம்மா இருந்தால் வேண்டாம் என்றிருப்பாள்.

"போடு தம்பி" என்றார் சந்திரம்மா. "எப்படியும் இது எங்க கல்யாணம் இல்ல."

போட்டேன். கோவிந்தப்பா தேதியைப் பார்த்து, "ஈக சரி ஆய்து", இப்போது சரியாகிவிட்டது என்று முத்திரை குத்தினார். அவர் முகத்தில் குத்தலே இல்லை. உதவி செய்த திருப்திதான் இருந்தது.

விண்ணப்பத்தை நானே நிரப்பி அனுப்பினேன். இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன்: விசா ஆபீசிலிருந்து போன் வரலாம். அண்ணனைத் தனியாக, அக்காவைத் தனியாகக் கேட்பார்கள். காகிதத்தில் இருக்கிற தேதியைத்தான் சொல்ல வேண்டும். மாறினால் விசா கிடையாது. பொய்க் காகிதம் கொடுத்தவர் என்று எழுதிவிடுவார்கள். அண்ணன் இனிமேல் சமையலுக்கும் அங்கே போக முடியாது.

"அவ்ளோதானே" என்றார் பச்சைமுத்து. "சாம்பார் பொடி அளவு ஞாபகம் வச்சிக்கறேன். தேதி ஞாபகம் வச்சிக்க மாட்டேனா?"

சந்திரம்மா அரிசி களையும்போதெல்லாம் தேதியை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். திட்டம் மறுபடியும் வளர்ந்தது. வரைபடம் தரைக்கு வந்தது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஸ்வெட்டரும் கேன்வாஸ் ஷூவும் வாங்கினார்கள். புடவைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு சந்திரம்மா தினமும் தெருக்கோடிவரை நடந்து பழகினார். தெருவே பார்த்தது. நாகேஷ் வேலையை நிறுத்திவிட்டு, "அக்கா, பனியில வழுக்காம பாத்து" என்பார். "வுழுந்தா உங்க மெஷின் மேலதான்" என்பார் சந்திரம்மா. பக்கத்துத் தெருவிலிருந்து சொர்ணம் வந்து சாக்லேட்டும் சென்ட்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். "இந்த வயசுல ஹனிமூனா?" என்றும் கேட்டாள். "எந்த வயசுல போனோம் சொல்லு, இதுதான் முதல்" என்றார் சந்திரம்மா.

ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். போகும்போது வலது, வரும்போது இடது என்றேன். பச்சைமுத்து அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை போன் வந்தது. எனக்கு அரைநாள். கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்திரம்மா மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவர், முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார். ஒரு பெண் குரல், தமிழ். மரியாதையாகப் பேசியது தெரிந்தது.

"ஆமாம்மா... சந்திரம்மாதான்... சமையல் வேல... வேற யாரும் இல்லம்மா, நாங்க ரெண்டு பேருதான்... பனி பாக்கணும்னு... ஆமா, முதல் தடவ."

பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. எந்தக் கேள்வி என்று எனக்குப் புரிந்தது. நான் விரலால் காற்றில் தேதியை எழுதிக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆடி மாசம்மா. முதல் ஞாயித்துக் கெழம. அல்சூர்ல கூழு ஊத்தின அன்னிக்கு."

அந்தப் பெண் இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும்.

"இல்லம்மா. ஆடிதான்."

போனை வைத்துவிட்டு மிளகாய் முறத்தின் முன் வந்து உட்கார்ந்தார். ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "வாயில வரல தம்பி" என்றார். "அரிசி களையும்போது வந்துச்சி. ஒரு பொம்பள நேரா கேக்கும்போது வரல."

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"அவுரு பொழப்புலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டேன். இன்னும் அஞ்சாறு வருஷம் போய் வந்திருப்பாரு. எப்படிச் சொல்றது? நீ சொல்றியா?"

"நீங்களே சொல்லுங்கக்கா."

சாயந்திரம்வரை கிள்ளிய மிளகாயையே கிளறிக்கொண்டிருந்தார். பச்சைமுத்து பெருங்காய வாசனையோடு வந்தார். கையில் ஒரு பொட்டலம், கல்யாண வீட்டு ஒப்பட்டு, நம் போளிதான். உள்ளே வராமல் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். கழற்றிய செருப்பை ஒழுங்காக வைத்தார். மறுபடியும் எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

"செல்லுக்கு போன் வந்திச்சி" என்றார், வாசலைப் பார்த்தபடி.

சந்திரம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "உனக்குமா?"

"அப்பளம் பொரிச்சிகினு இருந்தேன். எண்ண காயுது. அந்தப் பொண்ணு யோசிக்கவே விடல. வேல கேட்டா, சொன்னேன். பொண்டாட்டி பேரு கேட்டா, சொன்னேன். கல்யாணம் எப்பன்னா..." நிறுத்தினார். "நீ திட்டக் கூடாது. அத்தன நாளு உன்ன கெஞ்சி கார்ட மாத்த வச்சிட்டு, நானே கெடுத்துட்டேன்."

"இன்னாய்யா சொன்ன?"

"கூழு குடிச்ச அன்னிக்குன்னுட்டேன்."

சந்திரம்மா படியில் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பார்த்தவரையில் அவர்கள் அப்படி வாசலில் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முந்தானையால் அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். "நானும்" என்றார். பச்சைமுத்து திரும்பி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒப்பட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

விசா கிடைக்கவில்லை. பாஸ்போர்ட்டுகளை அலுவலகத்திலிருந்து நானே எடுத்துவந்து கொடுத்தேன். இனி எந்த வருஷமும் கேட்டுப் பயனில்லை என்று வெங்கடகிருஷ்ணன் சொன்னதையும் சொன்னேன். பச்சைமுத்து தலையை ஆட்டினார். "இங்க அடுப்பு இல்லியா?" என்றார். பட்டியலில் அவர்கள் இரண்டு பெயரை எடுத்துவிட்டுத் தும்கூரிலிருந்து வந்த ஒரு புதுத் தம்பதியை நான் சேர்த்தேன்.

மிச்சம் இருந்தது தெரு. எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆடிக் கல்யாணம் அங்கேயும் வந்து தடுத்துவிட்டது என்று சொர்ணம் சொல்வாள். அதைக் கேட்க சந்திரம்மாவுக்குத் தெம்பு இல்லை. அந்த நாட்களுக்கு வந்த சமையல் வேலைகளைப் பச்சைமுத்து முன்பே வேறு ஆட்களுக்குக் கைமாற்றிவிட்டிருந்தார். இரண்டு நாள் இருவரும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு சந்திரம்மா என்னிடம் வந்து ஒரு பூட்டையும் சாவியையும் கொடுத்தார்.

"நீ வெளிய பூட்டு போட்டுடு தம்பி. நாங்க உள்ள இருந்துக்கறோம்."

"எத்தனை நாளுக்கா?"

"டூரு எத்தினி நாளு?"

"பத்து."

"அத்தினி நாளு."

கிளம்பும் நாளன்று தெரு கூடியது. சொர்ணம் எலுமிச்சம்பழம் வைத்து ஆட்டோ ஏற்றினாள். சந்திரம்மா ஷூ போட்டிருந்தார். ஆட்டோ ஏர்போர்ட்டுக்குப் போகாமல் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போயிற்று. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்றுவிட்டு, ரயில்களைப் பார்த்துவிட்டு, தெரு தூங்கும் மத்தியான வேளையில் பின்சந்து வழியாகப் பெட்டியோடு வந்தார்கள். மாடிப்படி ஏறும் பின்முற்றத்துக்கு அந்தச் சந்தில் தனிக் கதவு உண்டு. அவர்கள் பின்கதவு வழியாக உள்ளே போனதும் நான் முன்பக்கம் போய்ப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன்.

அது மழை பிடிக்கும் சமயம். நான் தினமும் ஆபீஸ் விட்டு வரும்போது காய்கறி வாங்கிவந்து பின்கதவில் வைப்பேன். என்ன வேண்டும் என்று முதல்நாள் கேட்டதற்கு, "உனக்குப் பிடிச்சத வாங்கு" என்றார் சந்திரம்மா. எனக்கு என்ன பிடிக்கும் என்று காய்கறிக் கடையில் சிறிது நேரம் நின்றேன். பிறகு அவரைக்காய் வாங்கினேன். உள்ளே வந்து சாப்பிடு என்று கூப்பிட்டார்கள். வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

படியேறும்போது அவர்கள் குரல் கேட்கும். தெருவுக்குத் தெரியாமல் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேச என்ன மிச்சம் இருந்தது என்று தெரியவில்லை. வார்த்தை புரியாது. நடுவில் சந்திரம்மாவின் சிரிப்பு வரும். உடனே யாரோ வாயைப் பொத்துவதுபோல் நிற்கும். ஒருநாள் பச்சைமுத்து சமைத்து அவருக்குப் பரிமாறினார் போலிருக்கிறது. "உப்பு கம்மி" என்று சந்திரம்மா சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

தெருவில் கேட்பார்கள். "போன் பண்ணாங்களா?" என்பாள் சொர்ணம். பண்ணினார்கள் என்பேன். "எப்படியிருக்காம்?" குளிராக இருக்கிறதாம் என்பேன். "சாப்பாடு?" அது பரவாயில்லையாம். அவள் பூட்டைப் பார்த்துவிட்டு, "குடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் பொறாமை இருந்தது. சந்திரம்மாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கடைசி நாள் சாயந்திரம் பின்கதவைத் தட்டினேன். நான் வாங்கிவந்திருந்த சாக்லேட்டையும் சென்ட்டையும் கொடுத்தேன். முன்பக்கம் பூட்டைத் திறக்கிறேன், பெட்டியோடு ஒரு தடவை சந்துவழியாக வெளியே போய் ஆட்டோவில் வந்து இறங்கிவிடுங்கள் என்றேன். கதவு பாதிதான் திறந்தது. சந்திரம்மா நின்றிருந்தார். தலையில் பூ இருந்தது. உள்ளே பச்சைமுத்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவர் சந்திரம்மாவைத்தான் பார்த்தார், என்னை அல்ல.

"தம்பி" என்றார் சந்திரம்மா. கொஞ்சம் தயங்கினார். "இன்னும் ரெண்டு நாளு பூட்டியே இருக்கட்டும். பிளைட்டு லேட்டுன்னு சொல்லிடு."

சரி என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

தெருமுனையில் சொர்ணமும் நாகேஷும் ஆட்டோவை எதிர்பார்த்து நின்றிருந்தார்கள். பிளைட் தாமதம், இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றேன். பிறகு மாடிக்கு வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு டம்ளர் அரிசி போட்டேன். கிளறிக்கொண்டே இருந்தும் அடி பிடித்தது.